குஞ்சுத் தீவனத்தில் கொஞ்சம் உமி

கோழித் தீவன மூட்டையின் வாயில் சேர்த்துத் தைத்திருக்கும் சீட்டை என்றைக்காவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? புரதம் என்று போட்டுப் பக்கத்தில் ‘குறைந்தபட்சம்’ என்று இருக்கும். கொழுப்புக்கும் அப்படியே. நார் என்ற வரிக்கு வந்தால் ‘அதிகபட்சம்’. பிராய்லர் குஞ்சுத் தீவனமாக இருந்தால் பெரும்பாலும் 5 விழுக்காடு, முட்டைக்கோழிக் குஞ்சுக்கு என்றால் 7. ஈரப்பதம், மணல் சாம்பல் இதுகளோடு ஒரே பந்தியில் நாரையும் உட்கார வைத்திருப்பார்கள். இருந்தால் கம்பெனி நம்மை ஏமாற்றியதாக அர்த்தம் ஆகிற சரக்குகளின் பந்தி அது.

அந்தச் சீட்டோடு எனக்கு நாள்பட்ட வழக்கு ஒன்று உண்டு. ‘இதுக்கு மேலே போகக் கூடாது’ என்று சொல்கிற சீட்டு, ‘இதுக்குக் கீழேயும் போகக் கூடாது’ என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. பொரித்து வந்த குஞ்சுக்கு முதல் சில வாரங்களில் கொஞ்சம் முரட்டு நார் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் குஞ்சு செத்துவிடாது, எடையும் ஓரளவு ஏறும். ஆனால் அதன் வயிறு வயிறாக வளராது. இதுதான் என் கட்சி. மீதியெல்லாம் அதற்கான வாதம்.

தீவனக் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். “ஏனுங்கண்ணா, நார் ஜாஸ்தின்னாலே சரக்கு மட்டம்னு அர்த்தமுங்க. உமியை அரைச்சுத் தவுட்டுல கலந்து எடை ஏத்தியிருப்பாங்க. நீங்க என்னடான்னா காசு குடுத்து உமி போடறேங்கறீங்க.” அவர் சொல்வதும் பொய்யில்லை. அரைத்த உமியைத் தவிட்டில் கலக்கிற வேலை காலங்காலமாக நடப்பதுதான். அதைப் பிடிக்கத்தான் ‘அதிகபட்சம்’ என்கிற வேலி. ஆனால் கலப்படத்தைப் பிடிக்கப் போட்ட வேலியைத் தீவனம் எப்படி இருக்க வேண்டும் என்கிற இலக்கணமாக எடுத்துக்கொண்டோம்.

அந்த நார்க் கணக்கு எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1860களில் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரை ஒட்டிய வேண்டே என்ற ஊரில் ஒரு விவசாய ஆய்வு நிலையம் இருந்தது. அங்கே ஹென்னபெர்க், ஸ்டோமன் என்ற இரண்டு பேர் ஒரு முறை வகுத்தார்கள். தீவனத்தை நீர்த்த அமிலத்தில் கொதிக்க வை, அடுத்துக் காரத்தில் கொதிக்க வை, அதற்கும் அசையாமல் மிஞ்சி நிற்பதை எடை போடு. அதுதான் நார். நம் மூட்டைச் சீட்டில் இருக்கும் எண் இன்றைக்கும் அந்த வழியில் வருவதுதான். இந்தக் கொதியில் பிசின், பெக்டின் மாதிரி கரையும் நார் முழுக்கப் போய்விடும். கரையாத நாரிலும் ஒரு பகுதி கரைந்து தப்பிவிடும். மிஞ்சியது உமித் துணுக்கா, மாவாக அரைத்த தூளா என்றும் எண்ணுக்குத் தெரியாது. ‘நார் 5’ என்று போட்ட இரண்டு தீவனங்கள் குஞ்சின் வயிற்றுக்குள் நேர் எதிராக வேலை செய்யலாம் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் குஞ்சு.

பொரிப்பதற்குச் சற்று முன்னால், முட்டைக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. பொரித்த குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை இந்த மஞ்சள்தான். இந்தக் கட்டுச்சோறு இருக்கிற தைரியத்தில்தான் ஒரு நாள் குஞ்சை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நான்கைந்து நாளில் மஞ்சள் கரைந்துவிடும். கொஞ்சம் ரத்தத்தில் சேரும், கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக நேராகக் குடலுக்குள் இறங்கும். அந்தக் குழாய் இருந்த இடம் பெரிய கோழியிலும் அழிவதில்லை. கோழிக் குடலைக் கழுவிச் சமைக்கிற வீடுகளில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். சிறுகுடலில் பாதி தூரம் கடந்ததும் அரிசி மணி அளவில் ஒரு பரு தட்டுப்படும். நோய் என்று பயந்து தூக்கிப்போட வேண்டியதில்லை. குஞ்சாக இருந்தபோது சாப்பாடு வந்த வழி அது.

இந்த நாலைந்து நாளில் உள்ளே நடக்கிற கட்டுமானம் சாதாரணமானதல்ல. பிறந்த குஞ்சு வளர்கிறது என்றால் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் வளரும் என்று நினைப்போம். ஆனால் முதல் வாரத்தில் சிறுகுடல் மற்ற உடம்பையெல்லாம் முந்திக்கொண்டு ஓடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குடல் மிகப் பெரிதாக இருப்பது ஏறக்குறைய ஒரு வார வயதில்தான், அதற்கப்புறம் விகிதம் இறங்கிவிடும். குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இந்த நாட்களில்தான் உயரமும் பருமனும் ஆகின்றன. அவற்றின் அடிவாரத்தில் புது அணுக்கள் பிறக்கும் குழிகள் உண்டு. பொரித்த அன்றைக்கு அவை பேருக்குத்தான் இருக்கும். சில நாளில் ஆழமாகி, அங்கே பிறந்த அணு மேலே ஏறி, உச்சியில் உதிர்கிற ஓட்டம் தொடங்கிவிடும். 1990களில் இஸ்ரேலில் ஜெஹாவா யூனி, யேல் நோய், டேவிட் ஸ்க்லான் முதலானவர்கள் இதை நாள்கணக்கில் அளந்து பார்த்தார்கள். முன்சிறுகுடல் ஒரு வாரத்தில் ஏறக்குறைய முழு உயரத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கடுத்த பகுதிகள் இரண்டு வாரம்வரை வளர்ந்துகொண்டே போகின்றன. பொரித்த பிறகு ஒன்றரை, இரண்டு நாள் தீவனம் தாமதமானால் மஞ்சள் இருந்தும் இந்த வளர்ச்சி பின்தங்குகிறது. வயிற்றில் இருக்கும் கட்டுச்சோறு உயிரைத்தான் பிடித்து வைக்கும். குடல் கட்ட வேண்டுமென்றால் வாய் வழியாக ஏதாவது போய் அதை உரச வேண்டும்.

இதே நியாயம்தான் குடலுக்கு முன்னால் இருக்கும் அரவைப்பைக்கும். சொல்லப்போனால் அதற்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

கோழிக்குப் பல் இல்லை. கொத்தியது தீனிப்பையில் ஊறி, சுரப்பி இரைப்பையில் அமிலமும் பெப்சினும் வாங்கி, அரவைப்பைக்குள் விழுகிறது. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துக் கொடுப்பார்களே, இரண்டாகப் பிளந்து மஞ்சள் தோலை உரித்த கெட்டித் தசை, அதுதான். இந்தத் தசை எவ்வளவு கெட்டி என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய போட்டியே நடந்தது. 1752இல் பிரான்சின் ரேயோமூர் உலோகக் குழாய்களைப் பறவைகளுக்கு விழுங்கக் கொடுத்துப் பார்த்தார். வான்கோழியின் வயிற்றில் அவை நசுங்கிப்போயின. அவருக்குப் பின்னால் இத்தாலியில் ஸ்பலன்சானி ஒரு படி மேலே போய், ஊசி குத்திய ஈயக் குண்டுகளை வான்கோழிக்குக் கொடுத்தார். பிறகு அறுத்துப் பார்த்தால் ஊசி முனைகள் ஒடிந்து கிடக்கின்றன, பையின் சுவரில் கீறல்கூட இல்லை. அந்த வான்கோழிகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரவைப்பையின் பலத்தைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்த வான்கோழிகள் பண்ணை முற்றத்தில் தானியமும் கல்லும் கொத்தி வளர்ந்தவையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்றைய கிரம்பிள் (உடைத்த குருணை) தீவனத்தில் வளர்ந்த பறவையிடம் ஸ்பலன்சானி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். வீட்டில் ஒரு மேய்ச்சல் நாட்டுக்கோழி அறுக்கிற அன்று கடையிலிருந்து ஒரு பிராய்லர் அரவைப்பையை உரிக்காமல் வாங்கி வந்து இரண்டையும் தட்டில் வைத்துப் பாருங்கள். பிராய்லருடையது வெளிறிய சிவப்பு. அமுக்கினால் அமுங்கும். பிளந்தால் உள்ளே ஈரமான மாவு மாதிரி ஏதோ இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. மேலே இருக்கும் சுரப்பி இரைப்பை பை மாதிரி தொளதொளவென்று, இரண்டுக்கும் நடுவே இடுப்பே இல்லாமல் ஒன்றோடொன்று வழிந்திருக்கும். நாட்டுக்கோழியுடையது கறுத்த சிவப்பு. இரண்டு பக்கமும் தசை புடைத்து, நடுவில் வெள்ளித் தகடு மாதிரி நாண் பளபளக்கும். கத்தி வைத்தால் கறகறவென்று கல்லில் படும். உள்ளே வெள்ளைக் கற்கள், கம்பு உமி, புல் தண்டு, ஏதோ வண்டின் ஓடு. உட்தோல் மரப்பட்டை மாதிரி சுருக்கம் சுருக்கமாக, மஞ்சளும் பச்சையும் கலந்து இருக்கும். என் அத்தை இந்தத் தோலை ஒரே இழுப்பில் உரிப்பார். “கடைக்கோழில இது காயிதம் மாதிரி பிஞ்சு பிஞ்சு வருது சாமி” என்பார். வயசு வித்தியாசமும் இதில் இருக்கிறது. ஆறு வாரப் பிராய்லரையும் ஆறு மாதக் கோழியையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமில்லைதான். ஆனால் ஒரே வயதுப் பிராய்லர்களிலேயே, உமி சேர்த்த கூட்டத்தின் அரவைப்பை சேர்க்காத கூட்டத்தினுடையதைவிடப் பெரிதாக இருப்பதைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள்.

அந்தப் பச்சை மஞ்சள் நிறத்தைக் கவனித்தீர்களா? அது பித்தநீரின் கறை. பித்தநீர் வந்து விழுவது அரவைப்பைக்குப் பின்னால் இருக்கும் குடலில். பின்னால் இருப்பது முன்னால் எப்படி வந்தது? கோழியின் குடலில் போக்குவரத்து ஒரு வழிப்பாதை இல்லை. அரவைப்பை நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை இறுகும். இறுகும்போது கொஞ்சம் கூழ் குடலுக்குள் போகும். குடல் அதைப் பித்தநீரோடும் கணைய நீரோடும் சேர்த்து மறுபடி மேலே தள்ளும். டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் காபி ஆற்றுகிற மாதிரி, போதும் என்கிறவரை ஆற்றித்தான் விடும். அரைபட்டது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால்தான் வெளியேற வழி. அதுவரை அமிலத்தில் ஊறிக்கொண்டு உள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

மாவாக அரைத்து, ஆவியில் வேக வைத்து, அழுத்தி உருட்டின பெல்லட் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். அரைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அரவைப்பை அதை அப்படியே கடத்திவிடும். வேலை இல்லாத தசை வளராது. தங்கும் நேரம் குறைவதால் அமிலமும் போதுமான அளவுக்கு ஏறாது. அரையும் குறையுமாகக் குடலுக்குள் வந்து விழுந்ததைப் பின்பக்கத்துக் கிருமிகள் தின்று பெருகும். ஈர எச்சமும் தரையில் விரித்த கூளம் கட்டி தட்டுவதும் பல பண்ணைகளில் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நார்வேயின் பிர்கர் ஸ்விஹுஸ். அவரும் ஹெட்லண்டும் 2000களின் தொடக்கத்தில் ஓட்ஸ் உமியையும் மரச்சீவலையும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நார்வே குளிர் நாடு, ஓட்ஸ் விளையும் பூமி, உமிக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கண்டது இது: உமி அரைபடச் சிரமமானது, அதனால் அரவைப்பையில் தேங்கி நிற்கிறது. தீவனத்தில் இருக்கிற விகிதத்தைவிடப் பல மடங்கு உமி அரவைப்பைக்குள் இருக்கிறது. சின்ன அளவு போட்டாலும் பை எப்போதும் நிறைந்திருக்கிறது, எப்போதும் வேலை செய்கிறது. தசை பெருக்கிறது. உள்ளே புளிப்பு கூடுகிறது. பித்தநீர் அமிலங்களும் மாவுச்சத்தைக் கரைக்கும் அமைலேஸும் கூடுகின்றன. மாவுச்சத்து நன்றாகச் செரிக்கிறது. உமியால் கோழிக்கு நேரடிச் சத்து ஒன்றும் இல்லை. கூட வந்த மக்காச்சோளத்தையும் கோதுமையையும் முழுசாகப் பிடுங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கொன்சாலோ மதேயோசும் அவரோடு இருந்தவர்களும் இதையே குஞ்சுகளில் செய்தார்கள். முதல் நாளிலிருந்து மூன்று வாரம்வரை உள்ள பிராய்லர் குஞ்சுகள். நார் குறைந்த தீவனத்தில் 3 விழுக்காடு அளவுக்கு ஓட்ஸ் உமி அல்லது சோயாத் தோல். கணக்குப்படி பார்த்தால் நூறு கிலோவில் மூன்று கிலோ சத்தை எடுத்துவிட்டுக் குப்பையை வைத்த கதை. எடை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, செரிமானமும், ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனக் கணக்கான எஃப்சிஆரும் நல்ல பக்கம் திரும்பின. பிறகு ஓட்ஸ் உமியோடு நெல் உமி, சூரியகாந்தி ஓடு இவற்றையும் வைத்து 2.5, 5 என்று அளவு மாற்றிப் பார்த்தார்கள். நெல் உமி என்ற பெயரை ஸ்பெயின்காரர்களின் கட்டுரையில் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். நம் ஊரில் ரைஸ் மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடப்பதை அவர்கள் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நெல் உமியின் கடினம் சும்மா வந்ததல்ல. அதை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரியில் பல் தேய்த்த தலைமுறைக்கு அது தெரியும்.

சரி, நார் என்றால் எல்லாமே நல்லதா? இங்கேதான் வேண்டே எண்ணின் குருட்டுத்தனம் வெளியே வருகிறது. கொத்தவரங்காய் பொரியல் செய்கிறோமே, அதன் விதையில் ஒரு பிசின் இருக்கிறது. ஐஸ்கிரீமிலிருந்து எண்ணெய்க் கிணறுவரை அதற்கு வேலை உண்டு. ராஜஸ்தான் பக்கம் அந்தப் பிசினை எடுத்த பிறகு மிஞ்சுவதைத் தீவனமாக விற்கிறார்கள். புரதம் நிறைய, விலையும் மலிவு. ஆனால் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசின் குஞ்சின் குடலில் தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகிவிடும். செரிமான நீர்கள் அந்தக் கூழுக்குள் புகுந்து வேலை செய்ய முடியாது. எச்சம் ஒட்டும், பின்பக்கம் அடைத்துக்கொள்ளும். இதுவும் ‘நார்’தான், கரையும் நார். பார்லியில் பீட்டா குளூக்கன், கோதுமையிலும் ரையிலும் அராபினோசைலன் என்று மேல்நாடுகளில் இதே தொல்லை. ஆஸ்திரேலியாவில் சோக்ட், அன்னிசன் இருவரும் 1990களில் கோதுமையிலிருந்து இந்தச் சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுத்துத் தீவனத்தில் கலந்து, கேடு இதனால்தான் வருகிறது என்று காட்டினார்கள். இன்றைக்குத் தீவனத்தில் நொதி கலப்பது சர்வ சாதாரணமாக ஆனதற்கு இந்தப் பிசுபிசுப்பும் ஒரு காரணம். நாம் பெரும்பாலும் மக்காச்சோளத்தை நம்பி இருப்பதால் தப்பித்தோம். மக்காச்சோளத்திலும் சோளத்திலும் இந்தப் பசை ரொம்பக் குறைவு.

மதேயோஸ் குழு சர்க்கரை பீட் சக்கையையும் போட்டுப் பார்த்தது. அது ஊறிப் பெருத்து சுரப்பி இரைப்பையை அடைத்துக்கொண்டது. குஞ்சுக்கு வயிறு நிறைந்துவிட்ட மாதிரி இருந்ததே தவிர அரவைப்பை உமிக்கு வளர்ந்த மாதிரி வளரவில்லை. அதிகமாகப் போட்டபோது எடையும் அடிபட்டது. ஆகவே என் கட்சியைத் திருத்தமாகச் சொல்கிறேன்: கரையாத நார், முரடாக, கொஞ்சமாக. இந்த மூன்றில் ஒன்று விட்டாலும் கதை வேறு.

‘முரடாக’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் நம் தவிடு. எண்ணெய் எடுத்த தவிட்டில் நார் தாராளமாக இருக்கிறது, சீட்டு எண்ணுக்கு அது போதும். ஆனால் அது தூள். அரவைப்பைக்கு அதில் கடிக்க ஒன்றும் இல்லை. போதாக்குறைக்குத் தவிட்டில் ஃபைட்டேட் என்கிற பாஸ்பரஸ் பூட்டு நிறைய உண்டு. குஞ்சுத் தீவனத்தில் தவிட்டை ஏற்றி ‘நார் சேர்த்தாச்சு’ என்று சொல்வது எண்ணைத் திருப்திப்படுத்தும் வேலை. துணுக்கு ஒரு மில்லிமீட்டருக்காவது குறையாமல் இருந்தால்தான் அரவைப்பை அதைப் பொருட்படுத்தும்.

குடலின் கடைசியில் இருக்கும் இரட்டைக் குருட்டுக்குடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உமித் துணுக்கு அதற்குள் போகாது. வாசலில் இருக்கும் மயிர் போன்ற வலை பெரியதைத் தடுத்துவிடும். நீரும் நுண்தூளும் கரைந்த பொருளும்தான் உள்ளே போகும். அங்கே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைத்து, குடல் அணுக்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரிக் அமிலம் மாதிரி சிலவற்றைக் கொடுக்கின்றன. காலையில் கூண்டுக்கு அடியில் மற்ற எச்சத்தோடு சேராமல் காபிக்கொட்டை நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று கிடக்குமே, அது அங்கிருந்து வருவது. பார்த்ததும் கழிச்சல் என்று மருந்துக்கு ஓட வேண்டாம். இந்த நுண்ணுயிர்களைக் குஞ்சு எங்கிருந்து பெறுகிறது? அடைக்கோழிக்குக் கீழே பொரித்தால் தாயின் எச்சத்திலிருந்து, தாய் கிளறுகிற குப்பையிலிருந்து. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை. 1971இல் பின்லாந்தில் பிராய்லர் பண்ணைகளில் சால்மொனெல்லா பரவியபோது எஸ்கோ நுர்மியும் ரன்டாலாவும் ஒன்று செய்தார்கள். நோயற்ற பெரிய சேவல்களின் குடல் சரக்கை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் சால்மொனெல்லா ஊன்ற முடியவில்லை. 1973இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. கேட்க அருவருப்பாக இருந்தாலும் குப்பைமேட்டில் தாய்க்கோழி தினமும் செய்கிற காரியம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்திய பிறகு, குடலின் சொந்த பலத்தைப் பற்றிய பேச்சு கூடியதும் உமி மரியாதை பெற்றதும் இதன் தொடர்ச்சியே.

இனி நடைமுறை. என் வீட்டில் இருப்பது புழக்கடைக் கூட்டம், நாட்டுக்கோழிக் குஞ்சுகள், புரூடரில் குண்டு பல்பு. பெரிய பண்ணைக்காரர்கள் அவரவர் தீவன நிபுணரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் உமிக்கூளத்தின் மேல் பழைய பேப்பர் விரிக்கிற வழக்கம் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். எது தீவனம் எது கூளம் என்று தெரியாத வயதில் குஞ்சு உமியையே கொத்தித் தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்தே பட்டினி கிடந்து சாகும். உமி நல்லது என்று நான் சொல்வது தீவனத்துக்குள் அளந்து கலந்த உமியை. பத்துக் கிலோ மாவுத் தீவனத்துக்கு 200 முதல் 300 கிராம், அவ்வளவுதான். உமியால் வரும் சத்துக் குறையைக் குஞ்சு கொஞ்சம் கூடுதலாகத் தின்று சரிக்கட்டிக்கொள்ளும். கை தாராளமாகிப் போட்டால் சரிக்கட்ட வயிற்றில் இடம் இருக்காது.

மில் உமியைச் சல்லடையில் தட்டித் தூசியைப் போக்கிவிடுங்கள். நீள உமி குஞ்சின் வாய்க்குப் பெரிது, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று போதும், ரவையை விடச் சற்றுப் பெரிய துணுக்காக. மாவாக்கிவிட்டால் மேலே சொன்ன தவிட்டுக் கதைதான். கிரம்பிளோடு கலந்தால் குஞ்சுகள் கெட்டிக்காரத்தனமாக உருண்டையைப் பொறுக்கிக்கொண்டு உமியைத் தட்டில் விட்டுவிடும். மாவுத் தீவனத்தோடு லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறினால் பிரிக்க முடியாது. ஆனால் நம் வெயிலுக்கு ஈரத் தீவனம் மதியத்துக்குள் புளித்துவிடும். அரை மணியில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் வையுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து முழுக் கம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். கூடவே ஒரு சட்டியில் கழுவிய பெருமணல் வைத்துவிட வேண்டும். முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் இவையெல்லாம் அமிலத்தில் கரைந்துபோகும். அரைக்க நிற்பது கரையாத கல்தான்.

ஈரம் பட்ட உமி, பூசணம் பூத்த கடலைத்தோல் இவற்றைத் தொடவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தபோது காரணம் தேடிப் போய்த்தான் கடலைப் பிண்ணாக்குப் பூசணத்திலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. கல்லீரலைத் தின்னும் விஷம் அது. கோழிக்குஞ்சு வான்கோழி அளவுக்கு மென்மையில்லை என்றாலும் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை. பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வெள்ளையாகக் கழிந்தால் உமியையோ உமி இல்லாததையோ குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிர் தாக்கினாலும் வரும், தாயிடமிருந்து வந்த கிருமியாலும் வரும்.

பல்லடம் பக்கம் ஒப்பந்தத்தில் கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எனக்குக் குஞ்சும் கம்பெனி, தீவனமும் கம்பெனி. இதுல நான் எங்கீங்க உமி போடறது?” என்றார். நியாயமான கேள்வி. தீவனத்தில் கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் ஷெட்டில் விரிக்கிற தேங்காய் மஞ்சி அவர் சொந்தக் காசில் வாங்குவது, அதையும் கோழி தின்கிறது. கூளத்தில் வளரும் பிராய்லரின் அரவைப்பையை அறுத்தால் மஞ்சித் தூளோ உமியோ மரச்சீவலோ, எதை விரித்தோமோ அது கொஞ்சம் இருக்கும். கம்பெனி மூட்டையில் எழுதாத தீவனம் அது. கூளத்தைப் படுக்கை என்று மட்டும் நினைத்து, கம்மி விலைக்குக் கிடைத்த ஈர மஞ்சியை விரித்தால், ஈரமும் பூசணமும் கோழியின் வயிற்றுக்குள் போகிறது என்று சொன்னேன். அடுத்த தொகுதிக்கு மஞ்சியை வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு, சலித்து, நார்ப் பந்துகளைப் பொறுக்கிவிட்டு விரிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பறவை பிடிக்கிற அன்று ஒன்றிரண்டு அரவைப்பைகளை எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.